கிளட்ச் இல்லாத வண்டியும் ஒரு கறுப்பு ஒயரும்

சாவியைத் திருப்பினால் சீட்டுக்கு அடியிலிருந்து 'டப்' என்று ஒரு சின்னச் சத்தம் வரும். வறுத்த கடலையை இரண்டு விரலால் நசுக்குகிற மாதிரி. அவ்வளவுதான், வண்டி போய்விடும். விளக்கு வராது, ஹார்ன் வராது, மீட்டரில் ஒரு பொட்டு வெளிச்சம் வராது. கருகிய ஃப்யூஸைப் பிடுங்கிவிட்டு நான் புதுசு போடுவேன். அண்ணன் நெற்றியிலும் நெஞ்சிலும் சிலுவை போட்டுக்கொண்டு மறுபடி சாவியைத் திருப்புவான். டப்.

"ஆறாச்சு," என்பாள் அண்ணி, ஜன்னலுக்கு உள்ளேயிருந்து, அரிசி களைந்துகொண்டே. "கடையில இன்னும் ஃப்யூஸ் இருக்கா, இல்ல எல்லாம் நம்ம வீட்டுக்கே வந்துருச்சா?"

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு செப்டம்பர் மாதம். லிங்கராஜபுரத்தில், எதிரெதிரே இரண்டு பேர் வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டிய சந்து எங்களுடையது. அதற்குள் அந்த வண்டி நின்றது, கப்பலைக் கிணற்றில் இறக்கியது போல. பதினைந்து வயதுக்கு மேலான ஜப்பான் மோட்டார் சைக்கிள். குக் டவுனில் ஒரு குடும்பம் ஆஸ்திரேலியாவுக்குக் குடிபோனபோது கொய்யா மரத்தடியில் விட்டுவிட்டுப் போனது. டேங்கின் மேல் பறவை எச்சம் படிந்து படிந்து ஒரு தேசப்படம் போல ஆகியிருந்தது. அண்ணன் யாரிடமும் கேட்காமல், அண்ணியிடம்கூடச் சொல்லாமல், அதை ஒரு லக்கேஜ் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினான். ஏன் என்று நாங்கள் கேட்கவில்லை. வண்டியின் இடது கைப்பிடியைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. அங்கே கிளட்ச் இல்லை. பிடிக்க ஒன்றுமே இல்லாத வெறும் ரப்பர்.

அண்ணனின் இடது கையில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலில் பாதியும் மட்டும் இருந்தன. மிச்சத்தை அந்த வருஷப் பொங்கல் முடிந்த வாரத்தில் பீன்யாவில் அவன் வேலை பார்த்த கம்பெனியில் தகடு வெட்டுகிற ஒரு பவர் பிரஸ் எடுத்துக்கொண்டது. ஆறிவிட்டது. தையல் பிரித்தாகிவிட்டது. கம்பெனியில் ஸ்டோர்ஸில் வேலை வைத்திருந்தார்கள், எப்போது வேண்டுமானாலும் வந்து சேரலாம் என்று. அவன்தான் போகவில்லை. எட்டு மாதம். தன்னோடு வேலை பார்த்தவர்கள் பன் பொட்டலமும் சாத்துக்குடியுமாகப் பார்க்க வந்தபோது, வாசலில் நின்று அவர்களிடம் சொல்லி அனுப்பினான்: "ஆயுத பூஜைக்கு வர்றேன். ஆனா என் வண்டியில, நானே ஓட்டிக்கிட்டு வருவேன். எவன் பின்னாடியும் குந்திக்கிட்டு வரமாட்டேன்."

அந்த 'எவன்' நான்தான். கட்டுப் போட ஆஸ்பத்திரிக்கு என் மொபெட்டில்தான் அவனைக் கூட்டிப்போவேன். சந்து தாண்டும்வரை ஏறமாட்டான். மெயின் ரோட்டில் ஏறி, முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, யாரோ முன்பின் தெரியாத பெண்ணிடம் லிஃப்ட் கேட்டவன் மாதிரி உட்கார்ந்து வருவான். அதனால் அண்ணி என்னிடம் தனியாகச் சொன்னாள், வெங்காயம் நறுக்கிக்கொண்டே, கண்ணீர் எதனால் என்று தெரியாதபடி: "ஆயுத பூஜைக்கு அவர் போகலைன்னா, அப்புறம் எப்பவுமே போகமாட்டார். அந்த வண்டிய எப்படியாவது ஓட வைம்மா."

ஓட வைத்துவிடலாம் என்ற நம்பிக்கை எனக்குக் கொஞ்சம் கூடுதலாகவே இருந்தது. நான் அப்போது எலெக்ட்ரானிக் தராசு செய்யும் ஒரு தொழிற்சாலையில் ஒயரிங் லைனில் இருந்தேன். முப்பது பெண்கள், முப்பது சால்டரிங் அயர்ன்கள், எலுமிச்சைச் சாதமும் ஈயப் புகையும் கலந்த ஒரு வாசனை. சேர்ந்த முதல் வாரம் எங்களுக்குச் சொன்னது ஒன்றே ஒன்று: சிவப்பு பிளஸ், கறுப்பு பாடி, அதாவது உடம்பு இரும்போடு சேர்கிற எர்த். காலை எட்டு முதல் மாலை நாலரை வரை சிவப்பு பிளஸ், கறுப்பு பாடி. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஒன்பது வருஷத்தில் நான் செய்த பீஸ் ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. சொல்லிக்கொள்ள அது ஒன்றாவது இருந்தது எனக்கு.

சந்து முனை மெக்கானிக் பாய் பெட்ரோல் வேலையை முடித்துத் தந்துவிட்டார். டேங்கைக் கழுவி, கார்புரேட்டரை மண்ணெண்ணெயில் குளிப்பாட்டி, டயருக்குக் காற்றடித்து. "பெட்ரோல் வரைக்கும் நம்ம பொறுப்பு ம்மா," என்றார் கையைத் துடைத்துக்கொண்டு. "கரண்ட்டு உங்க டிபார்ட்மெண்ட். இது வண்டியா லிஃப்ட்டான்னே நமக்கு இன்னும் புரியல."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆட்டோமேட்டிக். காலில் ஒரு லீவர், அதற்கு நியூட்ரல், மெதுவாகப் போக ஒரு கியர், வேகமாகப் போக ஒரு கியர், அவ்வளவுதான். ஸ்டார்ட் செய்ய ஒரு பொத்தான். அவசரத்துக்கு ஒரு கிக்கர் இருந்ததாம், ஆஸ்திரேலியா போனவர்கள் அதையும் தங்களோடு எடுத்துக்கொண்டு போனார்களோ என்னவோ, காணோம். ஆகக் கரண்ட் இல்லாவிட்டால் இந்த வண்டி வெறும் பெஞ்சு.

முதல் ஞாயிற்றுக்கிழமை நான் ஒவ்வொன்றாகக் கழற்றினேன். ஹெட்லைட்டைக் கழற்றிவிட்டுச் சாவி போட்டோம். டப். பிரேக் லைட்டைக் கழற்றினேன். டப். இண்டிகேட்டர், காயில், எல்லாவற்றின் கனெக்டரையும் பிரித்து வைத்தேன். வண்டி முழுக்க ஒயர்கள் தொங்கின, சந்தைக்குப் பின் கீரைக்கட்டு அவிழ்ந்து கிடக்கிற மாதிரி. டப். ஒன்றுமே மாட்டாத வண்டியில் ஃப்யூஸ் போகிறது என்றால் கரண்ட் எங்கேயோ நேராகப் பாடிக்குப் பாய்கிறது. அது வரைக்கும் சரியாகத்தான் யோசித்தேன்.

"ஃப்யூஸுக்குப் பதிலா சிகரெட் டப்பா வெள்ளித்தாள சுத்தி வெச்சிரலாமா?" என்றான் அண்ணன்.

"வை. வண்டியோட சேந்து சந்தும் எரியும். ஆயுத பூஜைக்குப் பதிலா தீபாவளியே வந்துரும்."

"சும்மா ஒரு ஐடியா சொன்னேன்டீ."

"ஐடியாவே வேணாம். டார்ச்ச நேரா பிடி."

அவன் டார்ச்சை இடது முழங்கை மடிப்பில் இடுக்கிக்கொண்டு, கவிழ்த்துப்போட்ட பக்கெட்டின் மேல் உட்கார்ந்திருந்தான். அவன் சிரித்தால் வெளிச்சம் குலுங்கும். அன்று நிறையக் குலுங்கியது.

அந்த ஞாயிறன்று நான் இன்னொன்றும் செய்தேன். பேட்டரிப் பெட்டிக்குப் பக்கத்தில், ஃபிரேமில் ஒரு போல்ட்டின் கீழ் ஒரு கறுப்பு ஒயர் முடுக்கியிருந்தது. எந்தக் காலத்திலோ எவரோ முடுக்கியது. முனை பச்சையாகப் பூத்துக் கிடந்தது. அதைக் கழற்றி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, 'லக்' என்கிற புதிய வளைய முனை ஒன்று வைத்து நசுக்கி, அதற்கு மேல் சால்டரும் வைத்து, போல்ட்டை வெள்ளியாக மின்னவிட்டு மறுபடி முடுக்கினேன். மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தேன். கறுப்புக்கும் பாடிக்கும் நடுவே 'பீப்' என்று நீளமாகக் கத்தியது. ஆஹா, எர்த் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று மகிழ்ந்துபோனேன். அந்த வண்டியிலேயே அழகான ஜாயிண்ட் அதுதான். அண்ணனைக் கூப்பிட்டுக் காட்டினேன்கூட.

டப்.

அடுத்த ஞாயிறும் டப். நடு வாரத்தில் ஒரு நாள் வேலை முடிந்து வந்த கையோடு உட்கார்ந்தேன், அன்றும் டப். அண்ணி எண்ணுவதை நிறுத்திவிட்டாள். ஆயுத பூஜைக்கு இன்னும் எட்டு நாள் இருந்தபோது, ஒரு சனிக்கிழமை மத்தியானம், மழை நின்று சந்தில் ஓடு சொட்டிக்கொண்டிருந்தது. நான் தலையைப் பிடித்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்திருக்கிறேன். அண்ணன் பாட்டுக்கு டார்ச்சும் கையுமாக ஒயர்களை ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டே போகிறான். அவனுக்கு மின்சாரம் தெரியாது. எது எங்கே போய் முடிகிறது என்று சும்மா தொடர்ந்து போகிறான், எறும்பு வரிசையைப் பார்க்கிறவன் மாதிரி.

"ஏய், இங்க பாரு. பச்சை ஒயரெல்லாம் பாடியிலதான் போய் முட்டுது. லைட்டுல ஒண்ணு, இண்டிகேட்டர்ல ஒண்ணு, காயில் பக்கத்துல ஒண்ணு. எல்லாப் பச்சையும்."

"சரி. அதுக்கு?"

"கறுப்பு எதுவும் முட்டல. சாவி சுவிட்சுலேர்ந்து கிளம்பி ஊரெல்லாம் சுத்துது, பாடிப் பக்கமே வரல. ஒரே ஒரு கறுப்பு மட்டும் பாடியில இருக்கு." டார்ச் வெளிச்சம் நகர்ந்து என் அழகான வெள்ளி போல்ட்டின் மேல் நின்றது. "அதுவும் நீ முடுக்கினது."

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. கறுப்பு பாடிதான் அண்ணா, உலகம் பூரா பாடிதான், உனக்கு என்ன தெரியும் என்று வாய்வரைக்கும் வந்துவிட்டது. வந்ததை விழுங்கினேன். எழுந்துபோய் ஸ்பானரை எடுத்தேன். ஒன்பது வருஷம் என் கையைப் பிடித்து நிறுத்தியது. கழற்றினேன். கறுப்பு ஒயரின் முனையில் டேப்பைச் சுற்றினேன். பிரித்த கனெக்டரையெல்லாம் மாட்டி ஃப்யூஸ் போட்டேன்.

"திருப்பு."

திருப்பினான். சத்தம் இல்லை. அந்த 'சத்தம் இல்லை'யை நாங்கள் மூன்று பேரும் கேட்டோம். மீட்டருக்குள் எண்ணெய் விளக்கு சிவப்பாக எட்டிப் பார்த்தது. ஹெட்லைட் எதிர்வீட்டுச் சுண்ணாம்புச் சுவரில் வட்டமாக, ஈரமாக, மஞ்சளாக விழுந்தது. அண்ணி ஈரக் கையோடு ஓடி வந்துவிட்டாள்.

அந்த ஜப்பான்காரன் வழக்கத்தில் கறுப்பு என்பது சாவி போட்டதும் உயிர் வருகிற ஒயர். பச்சைதான் எர்த். எங்கிருந்தோ கழன்று தொங்கிய ஓர் உயிர் ஒயரை, என்னைப் போலவே ஒரு புண்ணியவான், கறுப்பு என்ற ஒரே காரணத்துக்காகப் பாடியோடு முடுக்கியிருக்கிறார். நான் வந்து, அதே பிழையைத் தேய்த்து, மினுக்கி, சால்டர் வைத்து நிரந்தரமாக்கியிருக்கிறேன். என் மீட்டர் முதல் நாளே பீப் பீப் என்று அலறிச் சொல்லியது. நான் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

"முப்பது பேர் இருக்கிற லைனுல இவதான் ஃபர்ஸ்ட்டாம்," என்றான் அண்ணன் அண்ணியிடம்.

"தராசெல்லாம் எப்படி நிறுத்துதோ, கடவுளே," என்றாள் அண்ணி.

சிரித்துச் சிரித்து எனக்கு விக்கல் வந்துவிட்டது. அந்தக் கறுப்பு ஒயர் போய்ச் சேர வேண்டிய இடம் ஹார்ன். மாட்டினோம். அண்ணன் இடது கட்டைவிரலால் பொத்தானை அழுத்தினான். எட்டு மாதமாகச் சட்டைப் பைக்குள் ஒளிந்து திரிந்த கை அது. கப்பல் துறைமுகத்துக்குள் நுழைகிற மாதிரி ஒரு சத்தம். நாய்கள் குரைத்தன. பின் வீட்டில் குழந்தை ஒன்று எழுந்து அழுதது. மறுபடி அழுத்தினான். எதிர்வீட்டு அம்மா கன்னடத்தில் திட்டினார்கள். அவன் கன்னடத்திலேயே மன்னிப்புக் கேட்டுவிட்டு மூன்றாம் தடவையும் அழுத்தினான்.

ஆனால் ஸ்டார்ட்டர் பொத்தான்? அழுத்தினால் ஒன்றுமில்லை. 'டிக்' என்ற ஒலிகூட இல்லை.

மறுநாள் ஞாயிறு, சர்ச்சில் பூசை முடிந்து வந்தவர்கள் வெள்ளைச் சட்டையோடு அப்படியே சந்துக்குள் திரண்டுவிட்டார்கள். விளக்கு எரிகிறது, ஹார்ன் அடிக்கிறது, பிறகென்ன, தள்ளினால் கிளம்பிவிடும். இந்த ஊரில் தள்ளினால் கிளம்பாத வண்டி உண்டா? நான் கத்திப் பார்த்தேன். எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் நடுவே இதில் பல் கிடையாது, எண்ணெய்தான் சுழன்று சுழன்று தள்ளுகிறது, சக்கரத்தைச் சுற்றினால் எஞ்சின் சுற்றாது, நாள் பூரா தள்ளினாலும் வராது என்று. யார் கேட்டார்கள்? பாடகர் குழுவில் பாதிப் பேர் பின்னால் கை வைத்தாயிற்று. ரயில் பாதைப் பக்கம் இறங்குகிற சரிவுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அண்ணன் மேலே உட்கார்ந்திருக்கிறான், தேரில் சாமி மாதிரி.

"தள்ரீ! ஜோராகி தள்ரீ!" என்று கன்னடத்தில் கத்தினார் எதிர்வீட்டு அம்மாவின் வீட்டுக்காரர்.

பாய் டீ கிளாசோடு கூடவே ஓடினார். "இப்ப கிளட்ச வுடு! வுடு!"

"கிளட்சே இல்ல பாய்!"

"இருந்தா என்ன இல்லாட்டி என்ன, நீ வுடு!"

நான்கு தடவை. மேலே தள்ளிக்கொண்டு போவதும் கீழே உருட்டுவதும். வெள்ளைச் சட்டைகள் முதுகோடு ஒட்டிக்கொண்டன. நான்காம் தடவை தள்ளியவர்கள் களைத்துக் கையை எடுத்துவிட்டார்கள். வண்டி தானாகவே சரிவில் இறங்கியது, சத்தமே இல்லாமல். வளைவில் அண்ணன் உடம்பை லேசாகச் சாய்த்தான். வண்டியும் சாய்ந்தது. எஞ்சின் இல்லாமல், புகை இல்லாமல், அக்டோபர் வெயிலில் அவன் தனியாகப் போய்க்கொண்டிருந்தான். நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.

கீழே போய் நின்றுவிட்டது. அங்கிருந்து தள்ளிக்கொண்டு ஏறி வந்தபோது அவன் முகம் மாறியிருந்தது. "விடுடீ," என்றான் வண்டியைச் சுவரில் சாய்த்தபடி. "இந்த வருஷம் ஆயுத பூஜை நம்ம வீட்டுலயே இருந்துட்டுப் போகட்டும்." அண்ணி என்னைப் பார்த்தாள். அவளைப் பார்க்க என்னால் முடியவில்லை. நான் வண்டியின் மீட்டரைப் பார்த்துக்கொண்டேன்.

அப்படிப் பார்த்ததில்தான் அகப்பட்டது. மீட்டருக்குள் எல்லாக் கண்ணும் திறந்திருக்கிறது, ஒன்று மட்டும் மூடியிருக்கிறது. நியூட்ரல் விளக்கு. பல்பு போயிருக்கும் என்று நினைத்து விட்டிருந்தேன். பக்கத்து விளக்கின் பல்பைப் பிடுங்கி அங்கே போட்டேன். எரியவில்லை. அப்படியானால் வண்டி நியூட்ரலில் நின்றாலும் அது நியூட்ரலில் நிற்கிறதென்று வண்டிக்கே தெரியவில்லை. தெரியாதவரை ஸ்டார்ட்டரை அது விடாது. கியரில் கிடக்கும்போது பொத்தானை அழுத்தினால் பாய்ந்துவிடுமே, அதற்காகச் செய்து வைத்த பாதுகாப்பு. பாவம், வண்டி இத்தனை நாளும் நம்மைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது.

ஆனால் அதற்குள் இருட்டிவிட்டது, எனக்கு விடுமுறை அன்றைக்கு மட்டும்தான். வாரம் முழுக்க ஓவர்டைம், எல்லாக் கம்பெனியும் பூஜைக்கு முன்னால் சரக்கைத் தள்ளுகிற நேரம். ஆயுத பூஜைக்கு முந்தின நாள்தான் மத்தியானமே விட்டார்கள். நேரே வந்து தரையில் படுத்தேன். சங்கிலிப் பக்கத்து மூடியைக் கழற்றினால் உள்ளே கிரீஸும் மண்ணும் சேர்ந்து களியாகக் கட்டியிருந்தது.

"ஒரு பழைய பிரஷ் குடு அண்ணி."

கொடுத்தாள். தேய்த்துக்கொண்டிருக்கும்போது அண்ணன் வந்து எட்டிப் பார்த்தான். "அது என் பிரஷ்ஷு."

"பழசுதானே," என்றாள் அண்ணி.

"காலையில விளக்கினேன்டீ!"

களிக்குள்ளிருந்து நியூட்ரல் சுவிட்சுக்குப் போகிற ஒயர் வெளிப்பட்டது. மேலே உறை முழுசாக இருந்தது. மெல்ல இழுத்தேன், ரப்பர் மாதிரி நீண்டது. உள்ளே செம்பு அறுந்திருக்கிறது. முனையை உரித்துச் சும்மா பாடியில் தொட்டேன். தொட்டதும் அண்ணன் மேலேயிருந்து கத்தினான்: "எரியுது! பச்சையா எரியுது!" எடுத்தேன். "போச்சு!" தொட்டேன். "எரியுது!" அவன் கத்துவதற்காகவே இன்னும் நாலு தடவை தொட்டேன்.

நல்ல ஒயர் ஒரு துண்டு வைத்து ஒட்டினேன். அது என்ன நிறம் என்று பார்க்கவே இல்லை. மூடியை மாட்டினேன். பெட்ரோலைத் திறந்தோம். அவன் ஏறி உட்கார்ந்தான். அண்ணி வாசற்படியில் கண்ணை மூடிக்கொண்டாள்.

ஸ்டார்ட்டர் இரண்டு முறை இருமியது. மூன்றாவதில் எஞ்சின் பிடித்துக்கொண்டது. அந்தச் சந்தின் சுவர்களுக்கிடையே அந்த ஓசை பெரிதாகி, தகரக் கூரைகள் கிடுகிடுக்க, எவர் வீட்டிலோ பாத்திரம் ஒன்று அலமாரியிலிருந்து விழ, முனையிலிருந்து பாய் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். நான் தரையிலேயே படுத்திருந்தேன். புகைக்குழாய் முகத்துக்கு நேரே. எழுந்திருக்கத் தோன்றவில்லை.

மறுநாள் காலை அண்ணன் முன்னால், நான் பின்னால். அண்ணிதான் போ என்றாள், வழியில் நின்றால் ஒயர் பார்க்க ஆள் வேண்டும் என்று. மேக்ரி சர்க்கிள் தாண்டி, யஷ்வந்தபுரம் சிக்னலில் நிற்கும்போது கவனித்தேன். வண்டி வேகம் குறையும்போதெல்லாம் அவன் இடது மணிக்கட்டு லேசாக எழுந்து மடிகிறது. இல்லாத விரல்கள் இல்லாத கிளட்சைப் பிடிக்கின்றன. பச்சை விழுந்ததும் மெல்ல விடுகின்றன. வண்டி அது பாட்டுக்குக் கிளம்புகிறது. துமகூர் ரோடு வந்ததும் அவன் அதை மறந்துவிட்டான், காற்றுதான் இருந்தது.

கம்பெனி வாசலில் வாழைக்கன்று, மாவிலை, ரோடெல்லாம் உடைத்த பூசணிக்காய். கால் இரண்டையும் ஊன்றி ஊன்றி அதைக் கடந்து உள்ளே போனான். சத்தம் கேட்டு எல்லோரும் ஓடி வந்தார்கள். கட்டிப்பிடித்தார்கள், முதுகில் அறைந்தார்கள், அழுதவர்கள் வண்டியைப் பார்ப்பது போல் குனிந்துகொண்டார்கள். உள்ளே ஒவ்வொரு மெஷினுக்கும் மாலை, குங்குமம். அந்தப் பிரஸ்ஸுக்கும்தான். அண்ணன் அதன் முன்னால் போய் நின்றான். அதற்குப் படைத்த தட்டிலிருந்து ஒரு பிடி பொரியை அள்ளி வாயில் போட்டுக்கொண்டு வெளியே வந்துவிட்டான்.

அதற்குள் வெளியே சண்டை, யார் முதலில் ஓட்டுவது என்று. ஃபோர்மேன் ஏறி உட்கார்ந்தார். பத்து விரலும் உள்ள மனிதர், முப்பது வருஷமாக வண்டி ஓட்டுகிறவர். இடது கை காற்றைப் பிடித்தது. மறுபடி பிடித்தது. குனிந்து பார்த்தார்.

"என்னப்பா, கிளட்சைக் காணோம்?"

"என்கிட்டயும் இல்ல, அதுகிட்டயும் இல்ல சார்," என்றான் அண்ணன். "அதான் ரெண்டு பேருக்கும் ஒத்துப்போச்சு."

ஒரு நிமிடம் யாருக்கும் சிரிக்கலாமா என்று தெரியவில்லை. ஃபோர்மேன்தான் முதலில் சிரித்தார். சிரித்த வேகத்தில் ஆக்ஸிலேட்டரைத் திருகிவிட்டார். வண்டி அவரைத் தூக்கிக்கொண்டு நேராக வாழைக்கன்றுக்குள் போய் நின்றது. அடுத்தவர் ஏறினார், அவரும் காற்றைப் பிடித்தார். அதற்கடுத்தவர் கியரையும் பிரேக்கையும் ஒன்றாக மிதித்தார். "தள்ளுங்க சார், நகருங்க, நான் ஓட்டறேன், நீங்க பின்னாடி உக்காருங்க," என்று அண்ணன் ஏறிக்கொண்டான். அதன் பிறகு ஒவ்வொருவராக அவன் பின்னால். ஒரு ரவுண்டு, கேட் வரைக்கும் போய்த் திரும்பி. வரிசை கட்டி நின்றுவிட்டார்கள், கேன்டீன்காரர் வரைக்கும்.

நான் ஒரு மணி நேரம் பார்த்தேன். மடியில் வைத்திருந்த பொரியும் கடலையும் தீர்ந்துபோயின. என்னைக் கூட்டிக்கொண்டு வந்தது அவனுக்குச் சுத்தமாக மறந்துவிட்டிருந்தது. எழுந்து, மடியை உதறிவிட்டு, வீட்டுக்குப் போக, சிவாஜிநகருக்கு இங்கேயிருந்து எத்தனாம் நம்பர் பஸ் என்று வாட்ச்மேனிடம் கேட்கப் போனேன்.